பாஸ்டில் ஏன் விழுந்தது என்று கேளுங்கள்: வரலாற்று வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் அமைப்புக் குழுவினருக்கும், விடைக்குறிப்பு தயாரிக்கும் மூத்த ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறவன் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தின் பெரும்பகுதி இரண்டு கேள்விகளைச் சுற்றியே நிற்கிறது. ஒரு மக்கள் கூட்டம் எப்போது தன்னை ஒரு தேசம் என்று எண்ணத் தொடங்குகிறது? இருக்கிற ஆட்சியை எப்போது, எதற்காகத் தூக்கி எறிகிறது? அடுத்த ஆண்டு வாக்களிக்கப் போகும் பிள்ளைகளிடம் பேசுவதற்கு இதைவிடப் பெரிய பொருள் வேறு இல்லை. ஆனால் தேர்வு என்று வந்துவிட்டால் அவ்வளவும் ஐந்து புள்ளிகளாகச் சுருங்கிவிடுகிறது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து மதிப்பெண் வினாக்களில் ஒன்றையாவது, அந்தக் காலத்து ஆவணம் ஒன்றின் பத்து வரிகளை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அதைப் படித்து எழுதும்படி கேளுங்கள். அதோடு, ஒரு நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சிக்கு எப்படி வழிவிட்டது என்று கோவையாக எழுதும் மாணவருக்கு, உட்தலைப்பு இல்லை என்ற காரணத்துக்காக மதிப்பெண் குறையாதபடி விடைக்குறிப்பில் ஒரு வரி சேருங்கள்.

இப்போது தயாரிப்பு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் பாடநூல் மூடப்படுகிறது, கையேடு திறக்கிறது. புத்தகப் பின்பக்க வினாக்கள், முந்தைய ஆண்டு வினாக்கள், அவற்றுக்கு அளவெடுத்து எழுதிய விடைகள். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை விவரி என்றால் அரசியல் காரணங்கள், சமூகக் காரணங்கள், பொருளாதாரக் காரணங்கள், தத்துவ அறிஞர்களின் பங்கு, உடனடிக் காரணம். கறுப்பு மையில் உட்தலைப்பு, கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு, தலைப்புக்கு இரண்டு வரி. இதே ஐந்து தலைப்புகள் அமெரிக்க விடுதலைப் போருக்கும் வருகின்றன. 1857க்கும் வருகின்றன. வேலூரில் 1806 ஜூலை 10 அன்று நடந்த எழுச்சிக்கும் வருகின்றன. ஒரே சட்டகம் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடுவதால், அமெரிக்காவைப் பற்றிய விடைக்குள் பிரான்சின் மூன்றாம் எஸ்டேட், அதாவது பாதிரியாரும் பிரபுவும் அல்லாத பொதுமக்கள் பிரிவு, நுழைந்துவிடுகிறது. எழுதிய பிள்ளைக்கு அதில் எதுவும் உறுத்துவதில்லை. மனப்பாடம் செய்த வரிகளுக்குள் ஆண்டும் இல்லை, ஊரும் இல்லை, மனிதரும் இல்லை. உறுத்த என்ன இருக்கிறது?

பிரெஞ்சுப் புரட்சி பாடம் நடத்தும்போது என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "பாஸ்டில் சிறைக்குள் ஏழு கைதிகள்தான் இருந்தார்கள் என்றால், அந்த ஏழு பேருக்காக எதற்கு சார் இத்தனை பேர் செத்தார்கள்?" அந்தக் கேள்விக்கு எந்தக் கையேட்டின் ஐந்து தலைப்பிலும் விடை இல்லை. விடை அந்த வாரத்தின் தேதிகளில் இருக்கிறது. 1789 ஜூலை 11 அன்று பதினாறாம் லூயி தன் நிதி அமைச்சர் நெக்கரைப் பதவியிலிருந்து நீக்கினார். பாரிசைச் சுற்றி ஏற்கெனவே படைகள் குவிந்துகொண்டிருந்தன. பொதுமக்களின் பிரதிநிதிகள் அமைத்திருந்த தேசிய சபையைக் கலைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நகரம் நம்பியது. 14ஆம் தேதி காலையில் மக்கள் இன்வாலிது மாளிகைக்குள் புகுந்து ஏறக்குறைய 30,000 துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கி கிடைத்துவிட்டது, மருந்து இல்லை. வெடிமருந்துப் பீப்பாய்கள் பாஸ்டில் கோட்டைக்குள் இருந்தன. அங்கே போனார்கள். கைதிகளை மீட்பது அவர்களுடைய முதல் நோக்கமாகவே இருக்கவில்லை.

இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்படியென்றால் படை வரப்போகிறது என்ற பயம்தான் காரணமா? பசி காரணம் இல்லையா?" என்று இன்னொருவன் கேட்டான். பசியும்தான். 1788இல் ஆலங்கட்டி மழையும் விளைச்சல் குறைவும் சேர்ந்து தானிய விலையை ஏற்றிவிட்டன. வழக்கமாக எட்டு, ஒன்பது சூ (அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விலைக்கு விற்கும் நான்கு ராத்தல் ரொட்டி, 1789 தொடக்கத்தில் பாரிசில் 14 சூவைத் தாண்டியிருந்தது. ஒரு கூலித் தொழிலாளியின் நாள் வருமானம் இருபதிலிருந்து முப்பது சூதான். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உன் வீட்டில் ஒரு நாள் கூலி எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். பொருளாதாரக் காரணங்கள் என்ற உட்தலைப்பு அப்போதுதான் அவர்களுக்கு உண்மையாகிறது.

அதற்கு மேலே போகலாம். 1788இல் பிரெஞ்சு அரசின் செலவில் ஏறக்குறைய பாதி பழைய கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கப் போருக்குக் கொடுத்த பணம் அதில் கணிசம். புதிய வரி போட வேண்டும், பிரபுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் 1614க்குப் பிறகு கூட்டவே கூட்டாத எஸ்டேட்ஸ் ஜெனரலை, அதாவது பாதிரியார்கள், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று எஸ்டேட்டுகளின் பிரதிநிதிகள் சபையை, 1789 மே 5 அன்று வெர்சாயில் கூட்டினார்கள். கூட்டியதும் வாக்கு எஸ்டேட்டுக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா என்ற சண்டை. ஜூன் 17 அன்று மூன்றாம் எஸ்டேட் தன்னைத் தேசிய சபை என்று அறிவித்தது. ஜூன் 20 அன்று டென்னிஸ் மைதானத்தில் உறுதிமொழி. ஜூலையில் பாஸ்டில். ஆகஸ்ட் 4 இரவு நிலமானியச் சலுகைகள் ஒழிப்பு. அரசர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்க, அக்டோபர் 5 அன்று பாரிசுச் சந்தைப் பெண்கள் மழையில் இருபது கிலோமீட்டர் நடந்து வெர்சாய்க்குப் போய், மறுநாள் அரச குடும்பத்தையே தலைநகருக்கு அழைத்து வந்தார்கள். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து பிறக்கிறது. எந்தப் படியிலும் யாராவது ஒருவர் வேறு முடிவு எடுத்திருக்கலாம். அந்த 'எடுத்திருக்கலாம்' என்பதைப் பிள்ளைக்குக் காட்டுவதுதான் நம் வேலை என்று நினைக்கிறேன். ஐந்து தலைப்பு விடையில் அது மறைந்துபோகிறது. புரட்சி முன்பே எழுதி வைத்த தலைவிதிபோல் ஆகிவிடுகிறது.

விடைத்தாள் திருத்தும் மையத்தில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு முறை எங்கள் மேசைக்கு வந்த தாளில், நான் மேலே சொன்ன கோவையை ஒரு மாணவர் தன் சொந்த நடையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். எழுத்துப்பிழைகள் இருந்தன. உட்தலைப்பு ஒன்றும் இல்லை. வால்டேர், ரூசோ பெயர்கள் இல்லை. விடைக்குறிப்பின்படி இரண்டு மதிப்பெண்தான் தர முடியும் என்று உடன் திருத்தியவர் சொன்னார். அவர் மீது குற்றமில்லை. அவர் கையில் இருந்த குறிப்பு அப்படி. பேசிப் பேசி நான்காக்கினோம். ஆனால் அதே நாளில் வேறு மேசைகளுக்குப் போன தாள்களுக்காக யார் பேசியிருப்பார்கள்? அப்படி எழுதிய மாணவர் அடுத்த தேர்வில் என்ன செய்வார்? கறுப்புப் பேனா வாங்கிக்கொள்வார்.

ஆவணத்தைக் கொடுத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் பதினேழு பிரிவுகள். அவற்றில் முதலாவதையும் கடைசியையும் மட்டும் தமிழில் எழுதி நகல் எடுத்துக் கொடுத்தேன். மனிதர்கள் சுதந்திரமானவர்களாகவும் சம உரிமை உள்ளவர்களாகவும் பிறக்கிறார்கள், அப்படியே வாழ்கிறார்கள் என்பது முதல் பிரிவின் தொடக்கம். சொத்து என்பது மீற முடியாத, புனிதமான உரிமை என்பது பதினேழாவது. பிறகு இரண்டு வரி பின்னணி சொன்னேன்: கரீபியன் கடலில் சான் தொமாங் என்று பிரான்சுக்கு ஒரு தீவுக் குடியேற்றம் இருந்தது; அங்கே கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் ஏறக்குறைய ஐந்து லட்சம் அடிமைகள் இருந்தார்கள். கேள்வி ஒன்றுதான். அந்தத் தீவில் தோட்ட முதலாளி இந்தத் தாளில் எந்தப் பிரிவைக் கையில் எடுப்பார், அடிமை எதை எடுப்பார்?

வழக்கமாக வாய் திறக்காத பையன் ஒருவன் எழுந்து சொன்னான்: "முதலாளிக்கு அடிமையே சொத்துதானே சார். அவர் பதினேழைக் காட்டுவார். ஒரே தாளில் இரண்டும் இருந்தால் யார் சொல்வது செல்லும்?" அதற்கான விடையை அவர்களே கதையில் தேடினார்கள். 1791 ஆகஸ்டில் அடிமைகள் எழுந்தார்கள். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிசில் கூடிய தேசிய மாநாடு என்ற பிரெஞ்சுச் சட்டமன்றம் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். விடுதலை பெற்ற அடிமைகளின் தலைவர் தூசான் லூவெர்தூர் பிடிபட்டு, 1803இல் பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டை ஒன்றில் இறந்தார். ஆனாலும் 1804 ஜனவரி 1 அன்று சான் தொமாங், ஹெய்தி என்ற பெயரில் விடுதலை பெற்ற நாடானது. 1825இல் பிரான்சு அந்தச் சின்ன நாட்டிடம் இழப்பீடாகக் கேட்டது 15 கோடி பிராங்க். இழந்த சொத்துக்கான இழப்பீடு; அந்தச் சொத்தில் மனிதர்களும் அடக்கம். பதினேழாம் பிரிவு எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கிளை உண்டு. எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பஸ் பயணம். 1790இல் அங்கே பிரெஞ்சுக் குடியேறிகள் தங்களுக்கென்று ஒரு சபை அமைத்துக்கொண்டபோது, தொப்பாஸ் என்று அழைக்கப்பட்ட கலப்பு மரபுக் கிறித்தவர்கள் தங்களையும் குடிமக்களாகச் சேர்க்க வேண்டும் என்று விண்ணப்பம் எழுதினார்கள். பாரிசில் எழுந்த கேள்வி ஓராண்டுக்குள் நம் கடற்கரைக்கு வந்துவிட்டது. 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்ததோடு அந்த அத்தியாயம் முடிந்தது. விழுப்புரத்துப் பிள்ளைக்கு பிரெஞ்சுப் புரட்சி எங்கோ நடந்த கதை என்று ஏன் தோன்ற வேண்டும்?

தேசியம் பற்றிய பாடங்களுக்கும் இது பொருந்தும். தமிழகத்தில் சுதேசி இயக்கம் பற்றி விவரி என்று கேட்கிறோம். வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, கப்பல், கோரல் ஆலை வேலைநிறுத்தம், கைது என்று வரிசையாக வருகிறது. அதற்குப் பதில், வ.உ.சி. தொடங்கிய கப்பல் நிறுவனமான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் பங்கு விவரத்தை மட்டும் அச்சிட்டுக் கேளுங்கள். பதிவான நாள் 1906 அக்டோபர் 16. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், பங்கு ஒன்று 25 ரூபாய். இந்தியர், இலங்கையர், பிற ஆசிய நாட்டவருக்கு மட்டுமே பங்கு. இந்த நான்கு தகவலுக்குள் எத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். பங்கின் விலையை ஆயிரம் ரூபாய் என்று வைக்காமல் 25 என்று வைத்தது ஏன்? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடும் கப்பலில் இலங்கையருக்குப் பங்கு கொடுத்தது எதனால்? ஆசியர் என்ற எல்லை யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது? சரியாக ஓராண்டுக்கு முன் அதே அக்டோபர் 16 அன்று வங்காளத்தில் என்ன நடந்தது? பங்கு விவரத்தைப் படிக்கத் தெரிந்த மாணவர், வங்கப் பிரிவினைக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் நடுவில் உள்ள நூலைத் தானே பிடித்துவிடுவார்.

அதன் பிறகு 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தேதி தேதியாகச் சொன்னால் போதும். ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தியது, மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைதானது, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்துத் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தது. ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. கப்பல் நடத்திய ஒருவரைக் கண்டு ஓர் அரசு ஏன் இவ்வளவு பயந்தது என்பது ஐந்து மதிப்பெண்ணுக்கு உரிய நல்ல கேள்வி. கப்பலும் ஆலையும், அதாவது வணிகரும் தொழிலாளரும், ஒரே மேடையில் சேர்ந்ததைத்தான் ஆட்சியாளர்களால் தாங்க முடியவில்லை என்பது என் கருத்து. மாணவர் வேறு கருத்து எழுதலாம். ஆதாரத்தோடு எழுதினால் அவருக்கும் ஐந்து.

இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மாஜினி, கவூர், கரிபால்டி, பிஸ்மார்க் என்று பெயர்களைப் பொருத்துவதோடு அது முடிந்துவிடுகிறது. மாஜினி ஏற்ற உறுதிமொழியைப் பாரதி தமிழ்ப் பாட்டாகவே எழுதினார் என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறைத் தமிழர்களுக்கு இத்தாலி எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பது புரியும். தேசம் என்றால் என்ன என்ற தலைப்பில் பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882இல் பாரிசில் நிகழ்த்திய உரையின் ஒரு பத்தியையும் கொடுக்கலாம். இனமோ மொழியோ மட்டும் தேசத்தை உண்டாக்குவதில்லை, சேர்ந்து வாழும் விருப்பம் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம். அந்தப் பத்திக்குப் பக்கத்தில் 1952 டிசம்பர் 15ஐ வையுங்கள். தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பு இருந்த பொட்டி ஸ்ரீராமுலு இறந்த நாள் அது. மொழிவாரி மாநிலம் நாட்டைப் பிளக்கும் என்று 1949இல் நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமய்யா மூவரும் அஞ்சினார்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தது, 1956 நவம்பர் 1 அன்று நாட்டின் வரைபடமே மாறியது. நாடு பிளக்கவில்லை. ரெனான் சொன்னது சரியா, தவறா என்று மாணவர் வாதிடட்டும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இது நகரத்துப் பிள்ளைகளுக்குச் சரி, கிராமத்துப் பிள்ளைகள் தேர்ச்சி பெறுவதே பெரும்பாடு, ஐந்து தலைப்பும் போய்விட்டால் அவர்களுக்குப் பிடிமானம் என்ன என்று கூட்டங்களில் சிலர் கேட்கிறார்கள். அக்கறையோடு கேட்கிற கேள்வி அது, மதிக்கிறேன். ஆனால் என் மாணவர்களை வைத்துச் சொல்கிறேன்: பத்தி கொடுத்துக் கேட்கும் வினாதான் அவர்களுக்கு எளிது. விடையில் பாதி வினாத்தாளிலேயே இருக்கிறது. காலையில் பால் கறந்து கொடுத்துவிட்டு வரும் பையனுக்கும், மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் மனப்பாடம் செய்யத்தான் நேரம் இல்லை. படித்துப் புரிந்துகொள்ளும் அறிவு வேண்டிய அளவு இருக்கிறது. கலைப் பிரிவு என்றாலே மெல்லக் கற்போர் என்று முத்திரை குத்தி, குறைந்தபட்சக் கற்றல் கையேட்டை நீட்டுகிறோம். அவர்களை அவ்வளவு குறைவாக மதிப்பிட நமக்கு உரிமை இல்லை.

திருத்துவதில் ஒரே சீர் இருக்காது என்பது இன்னொரு மறுப்பு. பத்தியிலிருந்து ஒரு தகவலை எடுத்துக் காட்டினால் ஒன்று, அதன் காலத்தைச் சரியாகச் சொன்னால் ஒன்று, காரணமும் விளைவும் பொருந்தினால் இரண்டு, தன் கருத்துக்குச் சான்று காட்டினால் ஒன்று என்று பிரித்துவிட்டால் எந்த மேசையிலும் மதிப்பெண் பெரிதாக மாறாது. மத்திய வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தாளில் மூல ஆதாரப் பகுதியை அச்சிட்டுக் கேட்கும் வினாக்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அங்கே திருத்துகிறவர்களும் நம்மைப்போன்ற ஆசிரியர்கள்தாம். நம் பாடநூலும் இதற்குத் தடையாக இல்லை. 2019இல் வந்த புதிய நூலைப் படிக்கும்போது, எழுதியவர்கள் பிள்ளைகளைச் சிந்திக்க வைக்க எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்த உழைப்பு வினாத்தாளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பயிற்சி வகுப்பு நடத்துகிற என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். வினாத்தாள் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். திருப்புதல் வாரங்களில் ஒரு பாட வேளையை ஒதுக்கி, ஒரு பெரிய தாளில் 1787 முதல் 1804 வரை கோடு போட்டு, பிள்ளைகளை நிகழ்ச்சிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் யார் பயந்தார்கள், யாருக்கு என்ன தேவைப்பட்டது என்று இரண்டு சொல் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் மனத்தில் இருந்தால், உட்தலைப்பு கேட்கிற இப்போதைய வினாவுக்கும் அவர்களால் விடை எழுத முடியும். எனக்குத் தெரிந்து, அப்படிப் படித்த பிள்ளைகள் தேர்வு மண்டபத்தில் ஒரு வரி மறந்துவிட்டதற்காக முழு விடையையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

குழுவினரிடம் இறுதியாகக் கேட்பது இதுதான். வரும் கல்வியாண்டின் அரையாண்டுத் தேர்வுக்கு முன் மாதிரி வினாத்தாள் ஒன்றை வெளியிடுங்கள். அதில் ஒரே ஒரு ஆதாரப் பகுதி வினா இருக்கட்டும். விருப்பத் தேர்வாக, பழைய வகை வினாவுக்கு மாற்றாகவே வையுங்கள். எத்தனை பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், எப்படி எழுதினார்கள் என்று மாவட்டந்தோறும் தாள்களை வாங்கிப் பாருங்கள். பகுதிகளைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தரவும், விடைக்குறிப்பு எழுதவும் என்னைப்போன்ற ஆசிரியர்கள் பலர் ஊதியம் எதிர்பாராமல் வரத் தயாராக இருக்கிறோம். மே மாத விடுமுறையில் எந்த ஊருக்கு அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு முதுகலை வரலாற்று ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.